வலிப்புற்ற சிறுவரும் விளையாட்டும்



நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில் என் வகுப்பில் வலிப்பு நோயுடைய மாணவன் ஒருவன் இருந்தான். விளையாட்டு வேளையில் அவனை வேப்பமரத்தடியில் அமர்த்தி, மற்றப் பிள்ளைகளின் சட்டைகளைக் காத்திருக்கச் சொல்வேன். அதனைப் பரிவு என்றே எண்ணியிருந்தேன். ஒருநாள் அவன், "ஐயா, விழுந்தால் நான் எழுந்துகொள்ள மாட்டேனா?" என்று கேட்டான். அன்று என்னிடம் விடையில்லை. அவ்வினாவுக்கு வரலாறு தரும் விடையை இன்று உங்களுக்குக் கூற விழைகின்றேன்.

பண்டைக் கிரேக்கர் பலர் இந்நோயைத் தெய்வச் செயல் என்று கருதினர். ஏறத்தாழ கி.மு. 400இல், ஹிப்போகிரட்டீஸ் பெயரால் வழங்கும் மருத்துவ நூலொன்று, இது மற்ற நோய்களைப் போன்றதே, மூளையில் தோன்றுவதே என்று துணிந்து கூறிற்று.

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் உரோமாபுரியில் புகழுடன் விளங்கியவர் கேலன் என்னும் மருத்துவர். வலிப்புற்ற சிறுவன் ஒருவனுக்காக அவர் எழுதிய அறிவுரை இன்றும் கிடைக்கின்றது. உணவு ஒழுங்கோடு நடையும் அளவான உடற்பயிற்சியும் அதில் இடம்பெற்றுள்ளன. பயிற்சியை அவர் விலக்கவில்லை, வரையறுத்தார். சிறு பந்தாட்டத்தைப் பற்றியும் அவர் தனியே ஒரு நூல் இயற்றினார். குதிரை வேண்டா, வேட்டை நாய் வேண்டா, ஒரு பந்து போதும், ஏழையும் ஆடலாம், உறுப்புகள் அனைத்தும் இயங்கும், உள்ளமும் மகிழும் என்பது அதன் கருத்து. கேலன் இவ்விரண்டையும் தனித்தனியே எழுதினார். ஆயினும் இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது, ஆசிரியர்க்கு ஒரு வழி புலப்படுகின்றது அன்றோ?

அவ்வழியை உலகம் நெடுங்காலம் மறந்திருந்தது. 1912இல் பினோபார்பிட்டால், 1938இல் பெனிட்டாயின் என வலிப்பை அடக்கும் மருந்துகள் ஒவ்வொன்றாகப் பயனுக்கு வந்தன. மருந்து வந்தும் விளையாட்டிடத்தின் கதவு திறக்கவில்லை. 1968இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் குழுவொன்று, வலிப்புடையோர் உடலோடு உடல் மோதும் ஆட்டங்களில் சேரலாகாது என்றது. ஆறே ஆண்டுகளில், 1974இல், மருந்தினால் நோய் கட்டுப்பட்டவர் சேரலாம் என்று அச்சங்கமே தன் கருத்தை மாற்றிக்கொண்டது.

1994இல் நார்வே நாட்டு ஆய்வொன்று வெளிவந்தது. மருந்துக்கு எளிதில் அடங்காத வலிப்புடைய 15 பெண்கள், வாரம் இருமுறை, ஒரு மணி நேரம் வீதம், 15 வாரங்கள் நடன வகைப் பயிற்சி செய்தனர். அக்காலத்தில் அவர்களுக்கு வலிப்பு குறைந்தது. சிறு கூட்டத்தை, அதிலும் வளர்ந்தோரை மட்டும் ஆராய்ந்த முடிவாதலின், இதனைக் கொண்டு பெரிதாகப் பேசிவிடலாகாது. எனினும் உடலசைவு நோயை வளர்க்கும் என்ற பழைய அச்சத்தை அது தளர்த்தியது. 2016இல் வலிப்புநோய் எதிர்ப்பு அனைத்துலகக் கழகத்தின் குழு ஆட்டங்களை மூவகையாகப் பிரித்தது. ஓட்டம், கால்பந்து போன்றவை மிகுதியான இடரற்றவை. நீச்சல், மிதிவண்டி ஓட்டம் முதலியன மேற்பார்வை வேண்டுபவை. மலையேற்றம், மோட்டார்ப் பந்தயம் முதலியன பேரிடர் தருபவை. மருத்துவர் ஒவ்வொரு பிள்ளையின் நிலையையும் கண்டு முடிவு கூறுவதே முறை.

பயிற்சி விளையாட்டாக அமைதல் ஏன் வேண்டும்? தண்டால் எடு என்றால் குழந்தை சலிக்கும். பந்தை எறிந்தால் தானே ஓடும். பெரும்பாலோர்க்கு ஆட்டத்தின் நடுவே வலிப்பு வருவது அரிது. அவ்வாறு வந்தால் இரும்புச் சாவியைத் தேடாதீர்கள். வாயில் எதனையும் திணிக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்துத் தலையைக் காத்து, உடனிருங்கள். ஐந்து நிமிடங்களுக்குமேல் நீடித்தால் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

"எழுந்துகொள்வாய், நாங்கள் அருகில் இருப்போம்." அம்மாணவனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய விடை இதுவே. நான் சொல்லத் தவறினேன். உங்கள் வகுப்பிலும் மரத்தடியில் ஒருவன் அமர்ந்திருக்கக்கூடும். அவனையும் ஆட்டத்துக்கு அழையுங்கள்.