பிண்ணாக்கில் தங்கிய எண்ணெய்



விருத்தாசலம் என்றவுடன் பீங்கான் தொழிலே பலர் நினைவுக்கு வரும். முதுகுன்றம் என்னும் பழம்பெயருடைய இவ்வூரைச் சூழ்ந்த நிலங்களுக்கு வேறொரு வரலாறும் உண்டு. அஃது எண்ணெய் வித்துக்களின் வரலாறு. மக்காச்சோளத்திலிருந்தும் சோயா மொச்சையிலிருந்தும் மனிதன் எண்ணெய் எடுக்கக் கற்ற கதையைச் சொல்லப் புகுந்தால், இந்நிலங்களில் விளைந்த மணிலாக்கொட்டையிலிருந்தே தொடங்குவது பொருத்தமாகும்.

எண்ணெய் என்னும் சொல்லே எள்ளின் நெய் என்னும் பொருளுடையது. நம் முன்னோர் எள்ளைச் செக்கிலிட்டு ஆட்டினர். கல்லாலோ மரத்தாலோ ஆகிய உரல், அதனுள் சுழலும் உலக்கை, பாரம் ஏற்றிய பலகை, அதனை இழுத்துச் சுற்றிவரும் மாடு ஆகிய இவையே அன்றைய எண்ணெய் ஆலை. செக்கின்மீது விதிக்கப்பட்ட வரியைச் செக்கிறை என்று பழைய கல்வெட்டுக்கள் குறிக்கின்றன. அரசு வரி விதிக்கும் அளவுக்கு அத்தொழில் ஊர்தோறும் நிலைபெற்றிருந்தது என்பது இதனால் விளங்கும்.

மணிலாக்கொட்டை தென்னமெரிக்காவில் தோன்றிய பயிர். பிலிப்பைன்ஸ் தீவுகளின் மணிலா நகரப் பெயரைத் தாங்கி நம்மிடம் வழங்கிற்று. தென்னாற்காட்டு மக்கள் அதனை மல்லாட்டை என்பர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இப்பயிர் தென்னாற்காட்டில் விரைந்து பரவியது. காரணம் கடலுக்கு அப்பால் இருந்தது. பிரான்சு நாட்டின் மார்சேல் துறைமுகத்தில் சவர்க்காரத் தொழில் ஓங்கியிருந்தது. அதற்கு எண்ணெய் வேண்டியிருந்தது. பிரெஞ்சுக்காரர் வசமிருந்த புதுச்சேரித் துறைமுகம் தென்னாற்காட்டின் வாயிலிலேயே அமைந்திருந்தது. 1879ஆம் ஆண்டில் விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் இருப்புப்பாதை திறக்கப்பட்டபின், மூட்டைகள் கப்பலைச் சென்றடைவது மேலும் எளிதாயிற்று.

அந்நூற்றாண்டின் இறுதியில் விளைச்சல் குன்றியது. அதன்பின் அயல்நாட்டு விதைகள் தருவிக்கப்பட்டன. 1905ஆம் ஆண்டில் பாலூரில் பயிராராய்ச்சிப் பண்ணை அமைந்தது. பின்னர்த் திண்டிவனத்திலும் விருத்தாசலத்திலும் நடைபெற்ற ஆராய்ச்சிகளால் புதிய நிலக்கடலை வகைகள் உழவர் கைக்கு வந்தன.

இங்கே ஒன்றைக் கருத வேண்டும். கடலை ஏற்றுமதியில் பெரும்பகுதி விதையாகவே கப்பலேறியது. விதை சென்ற இடத்திற்கே எண்ணெயும் சென்றது, பிண்ணாக்கும் சென்றது. பிண்ணாக்கு மாட்டிற்குத் தீனி, வயலுக்கு எரு. உழுதவன் நிலத்திலிருந்து கிளம்பிய சத்து, அந்நிலத்திற்குத் திரும்பாமல் அயல்நாட்டில் தங்கிற்று.

அதே மார்சேல் நகரில்தான் எண்ணெய்த் தொழிலை மாற்றியமைத்த ஒரு முயற்சியும் நிகழ்ந்தது. எவ்வளவு அழுத்தினாலும் பிண்ணாக்கில் சிறிது எண்ணெய் தங்கிவிடும். 1795இல் இங்கிலாந்தில் ஜோசப் பிராமா நீரழுத்த எந்திரத்தைக் கண்டார். 1900இல் அமெரிக்காவில் வலேரியஸ் ஆண்டர்சன், திருகுபோல் சுழன்று இடைவிடாது பிழியும் எக்ஸ்பெல்லர் எந்திரத்தை அமைத்தார். எனினும், செக்குப் பிண்ணாக்கில் நூற்றுக்குப் பத்துக்கு மேலும், எக்ஸ்பெல்லர் பிண்ணாக்கில் ஆறு ஏழு பங்கும் எண்ணெய் நின்றுவிடுகிறது. மார்சேலைச் சேர்ந்த டைஸ் என்பவர் 1855இல் வேறு வழி கண்டார். ஆலிவ் சக்கையில் கார்பன் டைசல்பைடு என்னும் நீர்மத்தை ஊற்றி, எஞ்சிய எண்ணெயைக் கரைத்தெடுத்தார். பிழிவதற்கு மாறாகக் கரைப்பது என்னும் இம்முறையே கரைப்பான் முறை எனப்படும்.

இதனால் விளைந்த பயன் என்ன? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 கிலோ கடலைப் பருப்பில் 48 கிலோ எண்ணெய் இருப்பதாகக் கொள்வோம். பிண்ணாக்கில் நூற்றுக்கு ஆறு பங்கு நின்றால், இழப்பது மூன்றேகால் கிலோவே. 100 கிலோ சோயா மொச்சையிலோ 18 கிலோ எண்ணெய்தான் உண்டு. அதன் பிண்ணாக்கிலும் ஆறு பங்கு நின்றால், இழப்பு ஐந்து கிலோவைத் தாண்டும். அஃதாவது நான்கில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். கரைப்பான் முறையிலோ பிண்ணாக்கில் ஒரு பங்குகூட நில்லாது. சோயா மொச்சை உலகின் பெரிய எண்ணெய் வித்துக்களுள் ஒன்றாக உயர்ந்ததற்கு இது முதன்மையான காரணமாகும்.

அம்முறை இது: சோயா மொச்சையை உடைத்து, உமி நீக்கி, சூடேற்றி, உருளைகளுக்கிடையே மெல்லிய அவலாகத் தட்டுவர். அதன்மீது ஹெக்சேன் என்னும் கரைப்பானை மீண்டும் மீண்டும் பாய்ச்சுவர். கரைசலைச் சூடாக்கினால் ஹெக்சேன் ஆவியாகிப் பிரியும். அதனைக் குளிர்வித்து மீண்டும் பயன்படுத்துவர். எஞ்சிய எண்ணெயைப் பசையும் புளிப்பும் நிறமும் மணமும் நீக்கித் தூய்மை செய்வர். நிறம் போக்கப் பயன்படுவது ஒருவகைக் களிமண் என்பது பீங்கான் ஊர் மாணவர்க்குச் சுவையான செய்தியாகும். ஹெக்சேன் எளிதில் தீப்பற்றும். 1935இல் சிக்காகோ நகரில் சோயா ஆலையொன்று வெடித்து 11 பேர் மாண்டனர். கண்காணிப்பின்றி இத்தொழில் இல்லை என்பதை உலகம் அன்று உணர்ந்தது.

மக்காச்சோளத்தின் நிலை வேறு. அதன் மணி முழுவதிலும் எண்ணெய் நூற்றுக்கு நான்கைந்து பங்கே. அதிலும் பெரும்பகுதி சிறிய முளைக்கருவில் அடங்கியுள்ளது. கந்தக டையாக்சைடு கலந்த வெந்நீரில் மணியை இரண்டு நாள் அளவும் ஊறவைத்து, கரு சிதையாமல் உடைப்பர். எண்ணெய் மிகுந்த கரு இலேசானதாகையால் மிதக்கும். அதனைப் பிரித்து உலர்த்தினால் ஏறக்குறைய பாதி எண்ணெயாக இருக்கும். அதனை முதலில் எக்ஸ்பெல்லரில் பிழிந்து, எஞ்சியதைக் கரைத்தெடுப்பர். மாவுச்சத்துத் தொழில் உள்ள இடத்தில், அதன் துணைப்பொருளாகவே இவ்வெண்ணெய் கிடைக்கிறது.

நம் நாட்டில் 1960களில் பந்த்நகர், ஜபல்பூர் வேளாண்மைப் பல்கலைக்கழகங்களின் ஆராய்ச்சிக்குப்பின் மத்தியப் பிரதேசத்தில் சோயா பரவியது. கரைப்பான் முறை ஆலையினர் 1963இல் தமக்கெனச் சங்கம் கண்டனர். முன்னர் ஒதுக்கப்பட்ட அரிசித் தவிட்டிலிருந்தும் இம்முறையால் சமையல் எண்ணெய் கிடைத்தது. ஆயினும், இந்தியா தனக்கு வேண்டிய சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இன்றும் அயல்நாட்டிலிருந்தே வாங்குகிறது. ஒரு காலத்தில் வித்தைக் கப்பலேற்றிய நாடு, இன்று எண்ணெயைக் கப்பலிலிருந்து இறக்குகிறது.

பெரம்பலூர்ப் பகுதியிலும் விருத்தாசலத்தின் மேற்கேயுள்ள மானாவாரி நிலங்களிலும் இப்பொழுது மக்காச்சோளம் மிகுதியாக விளைகிறது. அது பெரும்பாலும் கருவோடு அரைபட்டுக் கோழித் தீவனமாகிறது. அதனை வீண் என்று சொல்லுதல் நேர்மையன்று. கோழிக்கும் அவ்வெண்ணெய் வலிமை தருவதே. ஆனால் கருவைப் பிரித்து எண்ணெயும், மாவுச்சத்தும், தீவனமும் தனித்தனியே எடுக்கும் ஆலை அருகில் இருந்தால், ஒரு விளைவு மூன்று தொழிலாகும். அவற்றின் கூலியும் இங்கேயே தங்கும். மரச்செக்கெண்ணெயை மக்கள் மீண்டும் விரும்பி வாங்குவதும் நல்லதே. அதன் மணம் கரைப்பானுக்கு வாராது. எனினும், செக்கால் மட்டும் இந்நாட்டின் தேவை நிறையாது.

ஆதலின் மாணவர்களே, உங்கள் ஊரில் எண்ணெய் ஆலை இருப்பின் ஒருமுறை சென்று பாருங்கள். எத்தனை கிலோ வித்து உள்ளே போயிற்று, எத்தனை கிலோ எண்ணெய் வந்தது, பிண்ணாக்கு எங்கே போகிறது என்று கேட்டு எழுதி வையுங்கள். நாட்டின் பொருளியலை அறிய அதைக் காட்டிலும் நல்ல முதற்பாடம் வேறில்லை.