இரத்தச் சர்க்கரை அறிக்கை: எண்ணோடு அலகையும் பாருங்கள்

லாயாங் லாயாங்கில் உங்களுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை 7.0, தமிழ்நாட்டு உறவினருக்கு 126 என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒரே அளவுதான். நீரிழிவு தொடங்கும் வரம்பும் அதுதான். மலேசியாவில் லிட்டருக்கு மில்லிமோல், இந்தியாவில் டெசிலிட்டருக்கு மில்லிகிராம் என்று கணக்கிடுகிறார்கள். நம் எண்ணை 18-ஆல் பெருக்கினால் அவர்கள் எண் கிடைக்கும்.

இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனையில் வரம்பே வேறு. மலேசியச் சுகாதார அமைச்சின் 2020 வழிகாட்டியின்படி 5.7 முதல் 6.2 விழுக்காடு வரை நீரிழிவுக்கு முந்திய நிலை, 6.3 எட்டினால் நீரிழிவு. உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு 6.5. ஆகவே 6.4 வந்தால், இணையத்தைப் பார்த்து ‘இன்னும் வரவில்லை’ என்று இருந்துவிடாதீர்கள். மருத்துவரைப் பாருங்கள், அறிகுறி இல்லாவிட்டால் மறுபடியும் சோதித்தே உறுதிசெய்வார்கள். இரத்தசோகை, தலசீமியா இருந்தால் இந்த எண் தவறலாம், முன்பே சொல்லிவிடுங்கள்.