‘மாணவ வீரர்’ என்னும் சொல்

1852ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், அமெரிக்காவின் நியூ ஹாம்ஷயர் மாநிலத்து வின்னிபசாக்கி ஏரியில் ஹார்வர்டு மாணவரும் ஏல் மாணவரும் படகுப் பந்தயம் நடத்தினர். அந்நாட்டில் இரு கல்லூரிகள் எதிர்த்து ஆடிய முதல் போட்டி அதுவே. மாணவர்களின் செலவை ஏற்றது எந்தக் கல்லூரியும் அன்று. ஒரு ரயில்வே கம்பெனி. பந்தயம் காண வருவோர் ரயிலேறித்தானே வரவேண்டும்! கல்லூரி விளையாட்டு அங்கே பிறந்தபோதே வாணிகமும் உடன்பிறந்து விட்டது.

பின்னர்க் கால்பந்தாட்டம் பெருகியது. நாம் ஆடும் கால்பந்தன்று. பந்தைக் கையிலேந்தி ஓடி, எதிரே வருபவனை மோதி வீழ்த்தும் முரட்டு ஆட்டம். 1905ஆம் ஆண்டில் இளைஞர் பலர் அதில் மாண்டனர். குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட்டே தலையிட நேர்ந்தது. அதன் விளைவாக 1906இல் ஒரு சங்கம் தோன்றியது. 1910 முதல் அதற்குத் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் என்று பெயர். ஆட்டக்காரர் கூலி பெறலாகாது என்பது அதன் அடிப்படைக் கொள்கை. எனினும் 1956இல், விளையாட்டுத் திறமை ஒன்றையே கருதி உபகாரச் சம்பளம் வழங்க அச்சங்கமே இசைந்தது.

இந்த இடத்தில் நாம் சற்று நிற்கவேண்டும். 1955இல் கொலராடோ மாநிலத்து ஃபோர்ட் லூயிஸ் கல்லூரிக்காக ஆடிய ரே டென்னிசன் என்ற இளைஞர் தலையில் அடிபட்டு இறந்தார். வேலை செய்கையில் உயிரிழந்த தொழிலாளியின் குடும்பத்திற்குக் கிடைக்கும் நஷ்டஈட்டை அவர் மனைவி கோரினார். அது வீண் ஆசையன்று. 1953இல் அதே மாநிலத்தின் உச்ச நீதிமன்றம், டென்வர் பல்கலைக் கழகத்தில் காயமுற்ற ஓர் ஆட்டக்காரரைத் தொழிலாளி என்றே ஒப்பியிருந்தது. டென்னிசன் வழக்கிலோ அந்நீதிமன்றம் 1957இல் கோரிக்கையை மறுத்தது. கல்லூரி கால்பந்து வாணிகம் நடத்தவில்லை என்பது அது கூறிய காரணம்.

இத்தகைய வழக்குகள் சங்கத்தாரை அஞ்ச வைத்தன. ஆட்டக்காரர் தொழிலாளி என்றாகிவிட்டால் என்செய்வது? அப்போது அவர்கள் படைத்த சொல்லே ‘மாணவ வீரர்’. சங்கத்தின் விதிகளெங்கும் அதனைப் புகுத்தினர். நெடுங்காலம் சங்கத்தை நடத்திய வால்ட்டர் பையர்ஸ், 1995இல் தாம் வெளியிட்ட நூலில் இதனை மறைக்காமல் எழுதினார். வரலாற்றில் அதிகாரிகள் இவ்வளவு வெளிப்படையாகப் பேசுவது அரிது.

சொல் ஒருபுறம் கட்ட, விதி மறுபுறம் கட்டியது. கால்பந்து, கூடைப்பந்து வீரர் ஒரு பல்கலைக் கழகத்தை விட்டு மற்றொன்றிற்குச் சென்றால் ஓராண்டு ஆடாமல் காத்திருக்கவேண்டும். அவரை அழைத்துவந்த பயிற்சியாளரோ அடுத்த பருவமே அதிக ஊதியத்திற்கு வேறிடம் போகலாம்! படிப்பைக் காக்கவே இவ்விதி என்றனர். ஆயின் 1973இல் உபகாரச் சம்பளத்தையே ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும்படி மாற்றியவர்களும் அவர்களே.

இக்கட்டுகள் அவிழ அரை நூற்றாண்டாயிற்று. தொலைக்காட்சிப் பணம் வெள்ளமாய்ப் பாய்ந்ததே முதற்காரணம். கல்வி தொடர்பான உதவிக்கு வரம்பிடுவது செல்லாது என 2021 ஜூன் மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். மறுமாதமே வீரர்கள் தம் பெயராலும் உருவத்தாலும் பொருளீட்ட வழி திறந்தது. அவ்வாண்டிலேயே ஒருமுறை இடம் மாறத் தடை நீங்கியது. படிப்பில் தகுதியுடையோர் எத்தனை முறை மாறினும் காத்திருக்க வேண்டுவதில்லை என்ற நிலை 2024இல் வந்தது. 2025 ஜூன் மாதம் ஒரு நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி, பழைய வீரர்களுக்கு ஏறத்தாழ 280 கோடி டாலர் தருவதென்றும், கல்லூரிகள் தம் வருவாயில் வீரர்களுக்கு நேரே பங்களிக்கலாமென்றும் முடிவாயிற்று.

ஆயினும் ஆட்டக்காரர் தொழிலாளியா என்ற வினாவுக்கு அவ்வுடன்பாடு விடை கூறவில்லை. டென்னிசனின் மனைவி நீதிமன்றத்தில் எழுப்பிய வினா அதுதான்.