ஸ்பானிய எழுத்துகளின் ஒலிப்பு

ஆங்கிலத்தின் 26 எழுத்துகளோடு ஞகர ஒலி தரும் 'எஞே' சேர, ஸ்பானிய எழுத்துகள் 27. ஆங்கிலம் பேசுவோர் முதலில் பழக வேண்டியவை உயிரொலிகள்: அ, எ, இ, ஒ, உ என ஐந்தே. எந்தச் சொல்லில் வந்தாலும் இவற்றின் ஒலி ஏறக்குறைய ஒன்றுதான். ஆங்கில வழக்கில் 'ஒ'வை 'ஓவ்' என்று இழுப்பது தவறு. தனித்து வரும் 'எச்' ஒலிப்பதில்லை. 'ஜே' தொண்டையில் உரசும் ஹகரம். 'பி', 'வி' இரண்டுக்கும் ஒரே ஒலி. 'இசட்' ஸ்பெயினின் பெரும்பகுதியில் நுனிநாக்கைப் பல்லிடையில் வைத்து ஒலிக்கப்படுகிறது. லத்தீன் அமெரிக்காவில் அது சகரமே. மிகக் கடினமானது இரட்டை 'ஆர்'. மேற்பல்லுக்குப் பின்னுள்ள மேட்டில் நுனிநாக்கு பலமுறை அதிர வேண்டும். அதிர்வு குறைந்தால் 'பெர்ரோ' (நாய்) 'பெரோ' (ஆனால்) ஆகிவிடும். ஆகவே இதற்குப் பொறுமையான வாய்ப்பயிற்சி அவசியம்.