பிள்ளையை அனுப்பிய வீடுகள்

1996ஆம் ஆண்டு வசந்தகாலத்தில் எங்கள் மூத்த மகள் பாடசாலையிலிருந்து ஒரு கடிதம் கொண்டுவந்தாள். பிரெஞ்சு மொழி படிக்கும் பிள்ளைகள் பத்து நாட்களுக்கு மார்செய் நகருக்குப் போகிறார்கள். ஒவ்வொருவரும் ஒரு பிரெஞ்சுக் குடும்பத்தோடு தங்கி, அந்த வீட்டுப் பிள்ளையோடு பாடசாலைக்குப் போய்வர வேண்டும். இலையுதிர்காலத்தில் அந்தப் பிள்ளை ஹம்பேர்க்குக்கு வந்து எங்கள் வீட்டில் தங்கும். தங்குவதற்குக் காசு இல்லை. சோற்றுக்குச் சோறு, கட்டிலுக்குக் கட்டில் என்பதுதான் ஒப்பந்தம்.

அப்போது நாங்கள் இரண்டு அறை வீட்டில் ஐந்து பேர். "முன்பின் தெரியாத சனத்தின்ர வீட்டில குமர்ப்பிள்ளையை எப்பிடி விடுறது?" என்றாள் மனைவி. எனக்கு வேறு கவலை. எங்கள் பத்திரங்களோடு எல்லை கடப்பது எப்படி? பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியையிடம் கேட்டேன். 1994 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் எடுத்த முடிவின்படி, அங்கு சட்டபூர்வமாக வசிக்கும் வெளிநாட்டுப் பிள்ளைகள் பாடசாலைப் பயணத்தில் விசா இல்லாமலே போகலாம், அதிகாரிகள் உறுதிப்படுத்திய பெயர்ப்பட்டியலில் பெயர் இருந்தால் போதும் என்றார் அவர். பட்டியல் என்ற சொல்லைக் கேட்டதும் நான் ஒரு கணம் பேசாமல் இருந்தேன். 1983இல் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடி வந்தவர்களை அறிந்தவர்கள் நாங்கள். ஒரு பட்டியல் கதவைத் திறக்கவும் கூடும் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

என் தயக்கத்தைக் கண்டோ என்னவோ, கூட்டம் முடிந்தபின் அந்த ஆசிரியை தன் கதையைச் சொன்னார். 1964இல், பதினாறு வயதில், அவரும் இப்படி ஒரு பிரெஞ்சு வீட்டுக்குப் போனவர். அந்த வீட்டுப் பாட்டனார் முதல் மூன்று நாட்களும் அவரோடு ஒரே மேசையில் இருந்து சாப்பிடவில்லை. நாலாம் நாள் வந்து அமர்ந்தார்; பேசவில்லை. கடைசி நாள் ஒரேயொரு கேள்வி கேட்டார்: "உங்கள் வீட்டிலிருந்து நொயன்கம எவ்வளவு தூரம்?" அவருடைய தம்பி அங்கேதான் இறந்திருக்கிறார். ஹம்பேர்க்கிலேயே பிறந்து வளர்ந்த அந்தப் பெண்ணுக்கு அப்படியோர் இடம் இருப்பது தெரியாது. திரும்பி வந்து தகப்பனைக் கேட்டார். தகப்பன் பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டார்.

நொயன்கம ஹம்பேர்க் நகரின் தென்கிழக்கே இருக்கிறது. 1938இல் அங்கே ஒரு வதைமுகாம் தொடங்கப்பட்டது. அதற்கும் அதன் கிளை முகாம்களுக்கும் பல நாட்டவர்களோடு 11,000க்கும் மேற்பட்ட பிரெஞ்சுக்காரரும் கொண்டுவரப்பட்டனர். போருக்குப் பிறகு, 1948இல், ஹம்பேர்க் நகரம் அதே இடத்தைச் சிறைச்சாலை ஆக்கியது. உயிர் தப்பியவர்கள் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. கடைசிச் சிறைக் கட்டடம் அங்கிருந்து வெளியேறியது 2006இல்தான். 1964இல் ஒரு பாடசாலைப் பிள்ளைக்கு அந்த இடம் தெரியாமல் போனதில் வியப்பில்லை. தன் ஊரின் வரலாற்றை அவர் எதிரியாய் இருந்தவனின் வீட்டில்தான் படித்தார்.

மார்செய்க்கும் ஹம்பேர்க்குக்கும் இடையே இன்னொரு கணக்கும் இருக்கிறது. இரண்டும் துறைமுக நகரங்கள். இரண்டும் 1943இல் அழிந்தவை. அந்த ஆண்டு ஜனவரியில் ஜேர்மன் படையினர், பிரெஞ்சுப் பொலிசாரின் துணையோடு, மார்செய்யின் பழைய துறைமுகப் பகுதியிலிருந்து ஏறத்தாழ 20,000 பேரை வெளியேற்றினர். பின்னர் அந்த வீடுகளை வெடிவைத்துத் தகர்த்தனர். யூலையில் பிரித்தானிய, அமெரிக்க விமானங்கள் ஹம்பேர்க்கை எரித்தன. 30,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1958இல், இவ்விரு நகரங்களும் தம்மைச் சகோதர நகரங்கள் என்று அறிவித்துக்கொண்டன.

இதை அன்பினால் நிகழ்ந்த அற்புதம் என்று எண்ணிவிடக் கூடாது. முதலில் சில தனிமனிதர்கள் இருந்தார்கள். டாக்கௌ வதைமுகாமிலிருந்து மீண்ட யோசெப் ரொவான், 1945 ஒக்டோபரிலேயே பிரெஞ்சுச் சஞ்சிகை ஒன்றில் எழுதினார். நாளைய ஜேர்மனி எப்படி அமையும் என்பது பிரான்ஸ் இன்று எப்படி நடந்துகொள்கிறது என்பதிலும் தங்கியிருக்கிறது என்பதே அக்கட்டுரையின் சாரம். பிறகு அரசுகள் வந்தன. 1916இல் வெர்டன் போர்க்களத்தில் ஜேர்மனியரிடம் சிறைப்பட்ட டி கோல், 1962 செப்டெம்பரில் பிரான்சின் அதிபராக ஜேர்மனிக்கு வந்தார். ஹம்பேர்க்கில் ஜேர்மன் இராணுவ அதிகாரிகள் முன் உரையாற்றினார். லுட்விக்ஸ்பேர்க் நகரில் இளைஞர்களிடம் ஜேர்மன் மொழியிலேயே பேசினார். 1963 ஜனவரி 22இல் அவரும் அடெனவரும் எலிசே உடன்படிக்கையில் ஒப்பமிட்டனர். அதே ஆண்டு யூலை 5இல் பிரெஞ்சு-ஜேர்மன் இளைஞர் பணியகம் உருவானது. அதன் செலவை இரு அரசுகளும் சரிபாதியாக ஏற்றன. இன்றுவரை 90 இலட்சத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் அதன் வழியாகப் போய்வந்திருக்கிறார்கள்.

தலைவர்கள் ஒப்பமிட்ட காகிதங்கள் உலகில் எவ்வளவோ. பண்டாரநாயக்க-செல்வநாயகம் ஒப்பந்தம் 1957இல் எழுதப்பட்டு அடுத்த ஆண்டே கிழிக்கப்பட்டதை நாம் அறிவோம். எலிசேக் காகிதம் நிலைத்ததற்குக் காரணங்கள் பல. இரண்டு அரசுகளுக்கும் அது தேவைப்பட்டது. அவற்றுள் ஒன்று போரில் தோற்று, தன் குற்றத்தை மெல்ல மெல்லவேனும் ஒப்புக்கொள்ள வேண்டிய நிலையில் இருந்தது. ஆனால் அந்தக் காகிதத்தின் கீழே ஆயிரமாயிரம் குடும்பங்கள் பிள்ளைகளை ஒப்படைத்திருந்தன என்பதும் ஒரு காரணம். தன் பிள்ளை உறங்கும் ஊரின்மீது குண்டு போடு என்று எவரும் கேட்கமாட்டார்.

அந்த ஐப்பசியில் மார்செய்ப் பெண் எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஜேர்மன் குடும்பத்தை எதிர்பார்த்து வந்தவளுக்குப் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் கிடைத்தன. அவள் முகம் சுளிக்கவில்லை. மூன்றாம் நாள் இரவு, நாங்கள் ஏன் இங்கே வந்தோம் என்று கேட்டாள். மகள் மொழிபெயர்த்தாள். சொல்லக்கூடியதைச் சொன்னேன். அவள் யோசித்துவிட்டு, "அவர்களுடைய வீட்டில் நீங்கள் யாராவது தங்கியதுண்டா?" என்று கேட்டாள்.

நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். "மாமா இருந்தவர்தானே!" என்றாள் மனைவி.

ஐயா 1950களில் மாத்தறையில் எழுதுவினைஞராக இருந்தவர். ஒரு சிங்களக் குடும்பத்தின் வீட்டில் அறை எடுத்து ஐந்து ஆண்டுகள் இருந்தார். அந்த வீட்டம்மாவிடம்தான் சிங்களம் பேசப் பழகினார். 1958 கலவரத்தில் அவர்கள் அவரை வீட்டுக்குள் வைத்துக் காத்து, பாதுகாப்பாகக் கொழும்புக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து அகதிக் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்தார். அவர் விட்டுவந்த தகரப்பெட்டியை அவர்கள் பிறகு புகையிரதத்தில் அனுப்பிவைத்தார்கள். உள்ளே சட்டைகள் தோய்த்து மடித்திருந்தன. இதையெல்லாம் என் மகள் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டாள். மார்செய்க்கு வழி தெரிந்த பிள்ளைக்குத் தன் அப்பப்பா மாத்தறையில் யார் வீட்டில் சோறு தின்றார் என்பது தெரியாது. அந்த ஆசிரியையின் தகப்பனைப் போல நானும் இத்தனை காலம் எழுந்து போய்க்கொண்டுதான் இருந்திருக்கிறேன்.

எங்கள் தீவில் அந்த வழி படிப்படியாக அடைபட்டது. பாடசாலைகள் மொழிவாரியாகப் பிரிந்தன. 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. 1974இல் தொடங்கிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் சிங்கள மாணவரும் படித்தார்கள்; 1977 ஓகஸ்ட் கலவரத்தோடு அவர்கள் தெற்குக்குப் போனார்கள். அன்று அந்தப் பெண் கேட்காத கேள்வி ஒன்றும் உண்டு: நீங்கள் யாரையாவது துரத்தினீர்களா? 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கின் முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினார்கள். யாழ் நகரில் அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். அடுத்த வீட்டில் இருந்த நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். கேட்டிருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று இன்றும் தெரியவில்லை.

போர் 2009இல் முடிந்தது. சிங்கள மாணவர்கள் மீண்டும் யாழ்ப்பாணத்தில் படிக்கிறார்கள். 2016 யூலையில், புதிய மாணவர் வரவேற்பில் கண்டிய நடனம் ஆடுவதா என்ற தகராறில் இரு தரப்பும் அடிபட்டன. ஒரு வளாகத்தில் படிப்பது வேறு, ஒரு வீட்டில் உண்பது வேறு.

இங்கே நடந்ததை அங்கே அப்படியே நடத்திவிட முடியாது என்பது எனக்குத் தெரியும். பிரான்சும் ஜேர்மனியும் இரண்டு நாடுகள். இரண்டுக்கும் சொந்த வாசல் இருந்தது. வாசலே இல்லாதவன் யாரை வரவேற்பது என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். நீதி கிடைக்காமல் விருந்து மட்டும் வைத்தால் அது ஏமாற்று. ஆனால் நொயன்கமவை மறக்கும்படி அந்தப் பாட்டனாரை எவரும் கேட்கவில்லை. அவர் மறக்கவும் இல்லை. மறக்காமலே மேசைக்கு வந்தார், தன் கேள்வியோடு.

என் மகளுக்கு இப்போது நாற்பது வயது கடந்துவிட்டது. போன வருடம் அவள் மகனின் பாடசாலையிலிருந்து ஒரு கடிதம் வந்ததாம். அதே நகரம், அதே பத்து நாட்கள். மனைவி மறுபேச்சில்லாமல் பேரனுக்குக் குளிர்ச்சட்டை வாங்கப் போனாள்.