தெரியா எண்ணுக்குக் குறியீடு

மதிப்புத் தெரியாத எண்ணை ஓர் எழுத்தாலோ அடையாளத்தாலோ குறிப்பது இயற்கணிதத்தின் அடிப்படை முறை. விடை தெரியும் முன்பே அந்த எண்ணைக் கூட்டவும் கழிக்கவும் பெருக்கவும் இது வழிசெய்கிறது.

ஆரியபடர் (499) தெரியா எண்ணைக் 'குளிகா' என்றார். 1881இல் பெஷாவர் அருகே கிடைத்த பக்சாலி ஏட்டில் அதன் இடத்தில் ஒரு புள்ளி நிற்கிறது; சுழியத்துக்கும் அதே புள்ளிதான். பிரம்மகுப்தர் (628) 'அவ்யக்தம்', 'வர்ணம்' என்றார். வர்ணம் நிறத்தையும் குறிக்கும், எழுத்தையும் குறிக்கும்.

இம்முறையின் முழு வடிவத்தைப் பாஸ்கரரின் பீஜகணிதத்தில் (1150) காணலாம். முதல் தெரியா எண் 'யாவத்தாவத்', அதாவது எவ்வளவோ அவ்வளவு. அடுத்தவை காலகம் (கறுப்பு), நீலகம், பீதகம் (மஞ்சள்), லோகிதகம் (சிவப்பு). எழுதும்போது யா, கா, நீ, பீ, லோ என முதலெழுத்து மட்டும் வரும். தெரிந்த எண்ணுக்கு முன் 'ரூ'.

ஒலக்கூரிலிருந்து திண்டிவனத்துக்குப் போகும் மணிலா மூட்டைகளை எடுத்துக்கொள்வோம். ஒரே எடையுள்ள மூன்று மூட்டையும் தனியாக 40 கிலோவும் சேர்ந்து 280 கிலோ என்றால், பாஸ்கரர் முறையில் சமன்பாடு இரு வரிகளாக அமையும்:

யா 3 ரூ 40
யா 0 ரூ 280

280இல் 40 போக 240. மூன்றால் வகுக்க மூட்டைக்கு 80 கிலோ. தெரியா எண்கள் பல இருந்தாலும் ஒவ்வொன்றுக்கும் தனி நிறம் உண்டு. கிரேக்க மொழியில் எழுதிய டயோஃபாண்டசிடம் இருந்தது ஒரே குறிதான். இந்தியக் கணிதத்தின் பெரிய கொடைகளுள் இந்த நிறவரிசையைத் தயங்காமல் சேர்க்கலாம். ஆயினும் தெரிந்த எண்களுக்குப் பதிலாக எழுத்து இடப்படவில்லை. ஆகவே பொதுவிதிகள் செய்யுளாகவே நின்றன.

தமிழில் காரிநாயனாரின் கணக்கதிகாரமும் விதிகளைச் செய்யுளிலேயே தந்தது. காம்பருகே உள்ள முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி ஐந்தால் வகுத்தால் பலாச்சுளையின் எண்ணிக்கை என்பது அதன் புகழ்பெற்ற கணக்கு. முள்ளுக்கும் சுளைக்கும் குறியீடு கிடையாது.

பிரான்சில் வியேத் 1591இல் தெரிந்த எண்களுக்கும் எழுத்திட்டார். எக்ஸ், ஒய், இசட் வழக்கம் டேக்கார்ட்டின் 1637ஆம் ஆண்டு நூலால் பரவியது. இப்புதிய இயற்கணிதத்தைத் தமிழில் தந்த முன்னோடி நூல், யாழ்ப்பாணத்துக் கறல் விசுவநாதபிள்ளையின் 'வீசகணிதம்' (1855).

இன்று தமிழ்வழியில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் தெரியா எண்ணை 'மாறி' என்று தமிழில் படிக்கிறார்கள்; எழுதுவது எக்ஸ்.