கிராமக் கணக்கும் கணக்கரின் பணிநெறியும்

அரசு ஊழியர் ஒருவர் தமது வேலையைத் தேர்ச்சியோடும் நடுநிலையோடும் செய்யும் ஒழுக்கத்தைப் பணிநெறி என்று கொண்டால், அது தனிமனிதரின் நல்லியல்பிலிருந்து மட்டும் விளைவதன்று. அவருக்குக் கூலி எங்கிருந்து வருகிறது, பதவி யாரால் கிடைக்கிறது, அவர் கையில் எத்தனை அதிகாரங்கள் குவிந்துள்ளன என்பவையே அதைப் பெரிதும் தீர்மானிக்கின்றன. இதைத் தமிழ்நாட்டுக் கிராம அலுவலர்களின் வரலாற்றைப்போல் தெளிவாகக் காட்டும் சான்றுகள் குறைவு.

அரசு, இடைத்தரகர் இன்றி, ஒவ்வொரு உழவரிடமிருந்தும் நேராக வரி பெறும் ரயத்துவாரி முறை, 1792-க்குப் பின் பாராமகால் பகுதியில் அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும் மேற்கொண்ட ஏற்பாடுகளிலிருந்து வளர்ந்து, மன்றோ சென்னை ஆளுநராக இருந்த 1820-களில் மாகாணத்தின் பெரும்பகுதியில் நிலைபெற்றது. ஆயிரக்கணக்கான உழவர்களின் நிலம், பயிர், பாசனம், வரிப்பாக்கி ஆகியவற்றை ஆண்டுதோறும் பதியவேண்டிய இம்முறை, வரி தண்டிய மணியக்காரரையும் கணக்கு எழுதிய கர்ணத்தையும் நம்பியே நடந்தது. எந்தப் புலத்தில் யார் என்ன பயிரிட்டார் என்று காட்டும் அடங்கலும், ஒருவர் பெயரிலுள்ள நிலங்களைத் தொகுத்துக் காட்டும் சிட்டாவும் கர்ணத்தின் கையெழுத்தில் உருவாயின. ஜமாபந்தி எனப்படும் ஆண்டுத் தணிக்கையில் மேலதிகாரிகள் சரிபார்த்ததும் அவர் எழுதியதைத்தான்.

இத்தனை பொறுப்பைச் சுமந்தவருக்கு அரசு நெடுங்காலம் முறையான சம்பளம் தரவில்லை. வரிச்சலுகை பெற்ற மானிய நிலமும், அறுவடைக் களத்தில் உழவர்கள் அளந்து தந்த மேரை என்னும் தானியப் பங்குமே அவருடைய வருவாயாக இருந்தன. யாருடைய விளைச்சலை ஒளிவின்றிப் பதியவேண்டுமோ அவருடைய களத்திலிருந்தே கணக்கருக்குக் கூலி வந்தது என்பதே இந்த ஏற்பாட்டின் அடிப்படைக் குறை. பெருநிலக்காரரின் பக்கம் கணக்குச் சாய்ந்ததைக் கணக்கரின் பேராசை என்று மட்டும் சொல்லிவிடுவது நியாயமாகாது. அந்தச் சாய்வுக்கு ஏற்பாடே இடம் கொடுத்திருந்தது.

அதிகாரக் குவிப்பு இதனினும் கொடிய விளைவைத் தந்தது. வரி தண்டும் பணியும் காவல் அதிகாரமும் ஒரே வருவாய் ஊழியர் கூட்டத்திடம் இருந்த நிலையில், பாக்கி வைத்த உழவரின் விரல்களை மரக்கட்டைகளுக்கிடையே நெரிக்கும் கிட்டியும், உடலை வளைத்துக் கட்டி வெயிலில் நிறுத்தும் அண்ணாந்தாளும் வரி வாங்கும் வழிகளாகிவிட்டன என்பதை, சென்னை மாகாணச் சித்திரவதைகளை விசாரித்த ஆணையத்தின் 1855-ஆம் ஆண்டு அறிக்கை வெளிப்படுத்தியது. 1859-ஆம் ஆண்டின் காவல் சட்டம் காவல்துறையை வருவாய்த்துறையிலிருந்து பிரித்து அமைத்தது. அதே மனிதர்களுக்கு அறம் போதிப்பதைவிட அவர்களிடமிருந்து ஓர் அதிகாரத்தை விலக்குவது பயன்தரும் என்பதை அந்நாளைய அரசு தாமதமாகவேனும் ஒப்புக்கொண்டதாகவே இதைக் கருதவேண்டும்.

ஆயினும் பதவியின் பிறப்புரிமை அசையவில்லை. 1895-ஆம் ஆண்டின் பரம்பரைக் கிராமப் பதவிகள் சட்டம் கல்வித் தகுதியையும் உடல், மனத் தகுதியையும் கேட்டது. ஆனால் அத்தகுதியைப் பதவிக்குரிய குடும்பத்துக்குள்ளேயே தேடியது. வாரிசு சிறுவனாக இருந்தால், அவன் உரிய வயதை அடையும்வரை வேறொருவர் பணியைப் பார்த்துவர, பதவி அவனுக்காகக் காத்திருந்தது. பிறப்பின் அடிப்படையில் அரசுப் பதவி வழங்குவது அரசமைப்பின் 16-ஆம் பிரிவுக்கு முரணானது என்று ஆந்திரப் பகுதியிலிருந்து வந்த, ஊர்த்தலைமைப் பதவியான கிராம முன்சீப் பதவி பற்றிய வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னரே இந்த அடித்தளம் தகர்ந்தது. தமிழ்நாடு 1968-இல் பரம்பரைச் சட்டத்தை நீக்கி, 1970-இல் கிராம அலுவலர்களுக்குப் பணிவிதிகளை வகுத்தது. எனினும் அவர்கள் பகுதிநேரப் பணியாளர்களாக, சொந்த ஊரின் நிலவுறவுகளுக்குள் வாழ்ந்தவர்களாகவே நீடித்தனர்.

1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தால் அந்தப் பதவிகளை ஒரே வீச்சில் ஒழித்து, முழுநேர ஊழியரும் இடமாற்றத்துக்கு உட்பட்டவருமான கிராம நிர்வாக அலுவலர் என்னும் பதவியை உருவாக்கியது. 1982-இல் உச்ச நீதிமன்றம் இம்மாற்றத்தைச் செல்லும் என்று ஏற்றது. திடீரென வேலையிழந்த குடும்பங்களின் துயரம் சிறியதன்று. அவர்களில் தேர்ச்சியும் நேர்மையும் மிக்க கணக்கர்கள் பலர் இருந்தனர். இருந்தும், எந்தச் சாதியில் பிறந்தவரும் ஊரின் நிலக்கணக்கை எழுதலாம் என்ற வாசலை இம்மாற்றமே உண்மையில் திறந்தது என்பதால், அதன் நியாயத்தை மறுக்க இயலாது.

புதிய அலுவலருக்குச் சம்பளமும் பணிப்பாதுகாப்பும் ஊர்ப்பெரியவரின் தயவில் இல்லை. ஆனால் வாய்க்காலின் பழைய போக்கையும், பங்காளிகள் வாய்மொழியாகப் பிரித்துக்கொண்ட எல்லையையும் அவர் பிறரைக் கேட்டே அறியவேண்டியிருந்தது. அந்த அறிவைப் பெரும்பாலும் வைத்திருந்தவர்கள் தலையாரி, வெட்டியான் முதலிய பழைய பணிகளின் வழிவந்த கிராம உதவியாளர்கள். அவர்கள் முழுநேர ஊழியராக ஏற்கப்பட்டதோ 1995-இல்தான். கணக்கு எழுதுபவரைப் பரம்பரையின் பிடியிலிருந்து விடுவித்த சீர்திருத்தம், அவருக்கு நிலத்தைக் காட்டித்தந்தவரின் கூலியை எண்ணிப்பார்க்க மேலும் பதினைந்து ஆண்டுகள் எடுத்துக்கொண்டது.